காவலன் வேடத்தில் கள்வன்

  

வேலியே பயிரை மேய்ந்தால் விளைவது என்ன என்று நம் முன்னோர் கேட்டனர். வயலையும் தோட்டத்தையும் மனத்திற்கொண்டு அவர்கள் கேட்ட கேள்வி இன்று நம் வீட்டு மேசைமேல் இருக்கும் கணினிக்கும் பொருந்துவதாயிற்று.

2020 மார்ச் 18ஆம் நாள் நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்து, பள்ளிக் கதவுகள் அடைபட்டன. அதன் பின்னரே நம் தோட்டத்துக் குடும்பங்கள் பலவற்றில் கணினி காலடி எடுத்து வைத்தது. சிலர் தவணையில் வாங்கினர். சிலர் பட்டணத்தில் வேலை செய்யும் மூத்த பிள்ளையின் பழைய மடிக்கணினியைப் பெற்றுக்கொண்டனர். சிலர் பிறர் பயன்படுத்திய கணினியைக் குறைந்த விலைக்கு வாங்கினர். எவ்வாறு வந்ததாயினும் அது பெற்றோரின் வியர்வையால் வந்த பொருள். ஆகவே, அதற்கு ஓர் ஊறு என்றால் குடும்பமே பதறுகின்றது. அந்தப் பதற்றத்தையே முதலாகப் போட்டு வாணிகம் நடத்தும் கூட்டம் ஒன்று உலகெங்கும் உண்டு. நச்சுநிரலிலிருந்து கணினியைக் காப்பதாகச் சொல்லி வரும் போலிப் பாதுகாப்பு மென்பொருளே அக்கூட்டத்தாரின் கருவி. அதனைப் பற்றிய நம் கருத்தை இவ்வாண்டு மலரில் கூற விழைகின்றோம்.

போலிக் காவலன் வரும் வழி

மாணவன் ஒருவன் பாடத்திற்கென ஒரு படத்தையோ, ஓய்வு நேரத்திற்கென ஒரு விளையாட்டையோ தேடி ஓர் இணையப் பக்கத்தைத் திறக்கின்றான். திடீரெனத் திரை முழுவதும் சிவக்கின்றது. அபாயச் சங்கு போல ஓர் ஒலி அலறுகின்றது. "உங்கள் கணினியில் ஐந்து நச்சுநிரல்கள் உள்ளன, உடனே நீக்காவிடில் கோப்புகள் யாவும் அழிந்துபோகும்" என்று எழுத்துகள் மின்னுகின்றன. பெயர்பெற்ற நிறுவனம் ஒன்றின் சின்னமும் பக்கத்தில் காணப்படும். எண்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் குறைந்து, காலம் கடக்கின்றது என்று விரட்டும். கீழே "இப்பொழுதே சுத்தம் செய்க" என்றொரு பொத்தான் இருக்கும். அல்லது, உடனே அழைக்குமாறு ஒரு தொலைபேசி எண் இருக்கும்.

இங்கே ஓர் உண்மையை ஊன்றி உணர்தல் வேண்டும். ஓர் இணையப் பக்கம் திறந்த மாத்திரத்தில் அதனால் நம் கணினியின் கோப்புகளை எல்லாம் சோதித்து நோய் கண்டு சொல்ல இயலாது. உலாவி அதற்கு இடங்கொடாது. திரையில் ஓடும் அந்தச் சோதனை வெறும் ஓவியம். எந்தக் கணினியில் திறந்தாலும் அதே படம், அதே ஐந்து நச்சுநிரல்கள்! விண்டோஸ் கணினிக்குரிய கோப்புறைப் படங்களை ஆப்பிள் கணினியின் திரையில் காட்டி, "சி வட்டில் நோய்" என்று அறிவித்த போலிகளும் உண்டு. ஆப்பிள் கணினியிலோ 'சி வட்டு' என்னும் பெயரே கிடையாது. இல்லாத அறையில் திருடன் இருக்கின்றான் என்று கூவிய கதையே அது.

தோட்டத்தில் 'ஜாகா' என்று நாம் அழைக்கும் காவலரை நிருவாகம் அமர்த்துகின்றது. அவர் யார் என்பது நமக்குத் தெரியும். நள்ளிரவில் தானாக வந்து கதவைத் தட்டி, "உன் வீட்டில் திருடன் புகுந்துவிட்டான், சாவியை என்னிடம் கொடு" என்று கேட்பவன் ஜாகா ஆவானா? சம்பளத்திற்கு மறுநாள் லயத்துக்கு வந்து, நாடி பிடித்தும் பாராமல், "உமக்கு ஈரல் கெட்டுவிட்டது, மருந்து என்னிடம் உண்டு" என்று சொல்பவனிடம் நாம் பணத்தை எண்ணிக் கொடுப்போமா? திரையில் தோன்றும் போலிக் காவலனும் அத்தகையவனே.

சாவியைக் கொடுத்தபின் நேர்வது

அந்தப் பொத்தானை அழுத்தியவர்க்கு வரும் இழப்பு மூவகைப்படும். முதலாவது, இல்லாத நோய்க்கு மருந்து வாங்கிய பணம். இரண்டாவது, அப்பணத்தைச் செலுத்தும் பொருட்டு நாம் எழுதிய வங்கி அட்டை எண்கள். அவை வஞ்சகர் கையில் தங்கிவிடுகின்றன. மூன்றாவது, நாமே உள்ளே அழைத்துவந்த அந்த மென்பொருள். அது சில வேளைகளில் உண்மையான பாதுகாப்பு மென்பொருளை இயங்கவொட்டாது தடுக்கும். வேறு தீய நிரல்களையும் உள்ளே கொணரும்.

தொலைபேசியில் அழைத்தவர்க்கு வேறொரு நாடகம் காத்திருக்கின்றது. மறுமுனையில் இருப்பவன் கனிவாகப் பேசுவான். தொலைவிலிருந்து கணினியை இயக்கும் மென்பொருள் ஒன்றை ஏற்றச் சொல்வான். பிறகு, கணினியின் நிகழ்வுப் பதிவேட்டைத் திறந்து காட்டி, "பாருங்கள், எத்தனை பிழைகள்!" என்பான். தோட்டத்தில் செக்ரோல் எழுதுவது போல ஒவ்வொரு விண்டோஸ் கணினியும் தன் அன்றாட நிகழ்வுகளை அப்பதிவேட்டில் குறித்துக்கொள்ளும். செவ்வனே இயங்கும் கணினியின் பதிவேட்டிலும் பிழைக் குறிப்புகளும் எச்சரிக்கைக் குறிப்புகளும் நிறைந்தே இருக்கும். செக்ரோலில் ஒருவர் ஒரு நாள் வேலைக்கு வரவில்லை என்று எழுதியிருப்பதைக் காட்டி, "தோட்டமே அழிந்தது" என்று சொல்வதற்கு ஒப்பானது இது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் அன்றோ?

அறியாதார் மட்டுமா ஏமாந்தனர்?

இத்தகைய வலையில் விழுவோர் படிப்பறிவில்லாத தோட்டத்து மக்களே என்று பட்டணத்தார் சிலர் எண்ணுகின்றனர். நம்மவருள்ளும் அவ்வாறே எண்ணித் தலை குனிவோர் உளர். இது முற்றிலும் தவறு என்பதை வரலாறு காட்டுகின்றது.

2008 திசம்பரில் அமெரிக்காவின் கூட்டரசு வாணிப ஆணையம் நீதிமன்றத்தை நாடி, வின்ஃபிக்சர், வின்ஆன்டிவைரஸ், டிரைவ்கிளீனர், எக்ஸ்பி ஆன்டிவைரஸ் முதலிய பெயர்களில் போலி மென்பொருள் விற்ற கூட்டத்தைத் தடுத்து நிறுத்தியது. பத்து இலட்சத்திற்கும் மேற்பட்டோர் அவற்றை வாங்கி ஏமாந்தனர் என்பது அவ்வாணையத்தின் குற்றச்சாட்டு. 2012இல் அவ்வழக்கில் நீதிமன்றம் விதித்த தொகை 163 மில்லியன் டாலர். 2009 செப்டம்பரில், உலகப் புகழ்பெற்ற நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் இணையப் பக்கத்திலேயே இப்போலி எச்சரிக்கை தோன்றியது. வஞ்சகர்கள் நல்ல நிறுவனம் ஒன்றின் விளம்பரதாரர் போல நடித்து, அங்கே விளம்பர இடத்தை வாங்கியிருந்தனர். 2011 மே மாதத்தில் மேக் டிஃபெண்டர் என்னும் போலி, ஆப்பிள் கணினியாளரை மிரட்டியது. அதனை அகற்றுதற்கென்றே அம்மாத இறுதியில் ஆப்பிள் நிறுவனம் ஒரு திருத்தம் வெளியிட நேர்ந்தது.

இதனினும் வியப்பானது 2019 மார்ச் மாதச் செய்தி. ஆபிஸ் டிப்போ என்னும் பெரிய கடைத்தொகுதியும் அதற்கு மென்பொருள் வழங்கிய நிறுவனமும், வாடிக்கையாளரின் கணினிகளில் நோய் உள்ளதாகப் பொய்யாகக் காட்டிச் சீர்செய்யும் சேவையை விற்றன என்ற அவ்வாணையத்தின் குற்றச்சாட்டினைத் தீர்த்துக்கொள்ள, 35 மில்லியன் டாலர் செலுத்த இசைந்தன. கணினி மெதுவாக ஓடுகின்றதா என்பன போன்ற நான்கு கேள்விகளுள் ஒன்றுக்கு 'ஆம்' என்று குறித்தாலே போதுமாம். சோதனையின் முடிவு எதுவாயினும் நோய்க்குறி உண்டென்று அது காட்டுமாம். 2024 மார்ச் மாதத்திலும், கணினியைச் சீர்செய்வதாகக் கூறிய ரெஸ்டோரோ, ரீஇமேஜ் என்னும் இரு நிறுவனங்கள் இதே போன்ற குற்றச்சாட்டின் பேரில் 26 மில்லியன் டாலர் செலுத்த ஒப்பின.

செல்வமும் கல்வியும் மிகுந்த நாட்டில், பெரிய கடையின் விளக்கொளியில் நின்றவர்களே ஏமாந்தனர் என்றால், ஏமாற்றம் அறிவின்மையால் மட்டும் வருவதன்று என்பது தெளிவு. அவசரத்தாலும் அச்சத்தாலுமே அது வருகின்றது. ஆகவே, ஏமாந்தவர் எவரும் வெட்கப்பட வேண்டியதில்லை. வெட்கம் வஞ்சித்தவனுக்கே உரியது.

ஏச்சும் ஒளிப்பும்

நாம் இக்கட்டுரையை எழுதத் தூண்டுகோலாய் அமைந்த நிகழ்ச்சி ஒன்றைப் பெயர் சுட்டாமல் இங்குக் கூறுவோம். எம் பள்ளியின் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் வீட்டுக் கணினியில் இத்தகைய சிவப்புத் திரையைக் கண்டான். அறிவிப்புக்கு இசைவு கேட்ட பெட்டியில் 'சரி' என்றும் அழுத்திவிட்டான். அன்று முதல் கணினியைத் திறக்கும் போதெல்லாம் திரையின் ஓரத்தில் எச்சரிக்கைகள் வந்தவண்ணம் இருந்தன. மூன்று நாள் எவரிடமும் சொல்லாமல் மறைத்தான். நான்காம் நாள், தாயார் சமையற்கட்டில் இருந்த வேளையில், அவருடைய வங்கி அட்டையை எடுத்து எண்களைத் தட்டினான். கைப்பேசிக்கு வந்த உறுதிக் குறியீட்டையும் பார்த்து எழுதினான். மளிகைக் கடைக் கணக்குத் தீர்க்க வைத்திருந்த பணம் போயிற்று. தாயார் பணம் எடுக்கச் சென்ற அன்றுதான் செய்தி வெளியாயிற்று.

"முதல் நாளே ஏன் சொல்லவில்லை?" என்று வினவினோம். "அப்பா ஏசுவார் என்று பயந்தேன், ஐயா," என்றான் அச்சிறுவன்.

பெற்றோர்களே, இந்த ஒரு விடையில் எல்லாம் அடங்கியுள்ளது. அச்சிறுவனுக்கு இரண்டு அச்சங்கள் இருந்தன. ஒன்று, கணினி கெட்டுவிடும் என்பது. மற்றொன்று, தந்தை ஏசுவார் என்பது. முதலாவது அச்சத்தை வஞ்சகன் ஊட்டினான். இரண்டாவதை நாம் ஊட்டினோம். இரண்டும் ஒன்றுகூடிய இடத்திலேதான் பணம் போயிற்று. வீட்டில் சொல்லக்கூடிய நிலை இருந்திருந்தால், அந்தத் திரையை மூடுதல் அரை நிமிட வேலை. ஒரு காசும் செலவாகியிருக்காது.

அத்தந்தையை நாம் குறை கூறவில்லை. வெயிலிலும் மழையிலும் செம்பனைக் குலை வெட்டி, அவ்வருவாயில் வாங்கிய பொருள் பாழாயிற்று என்றால் எவர்க்கும் சினம் வருதல் இயல்பு. ஆயினும், ஏச்சுக்கு அஞ்சும் பிள்ளை உண்மையை ஒளிக்கின்றது. ஒளித்த உண்மையே வஞ்சகனுக்கு வாய்ப்பாகின்றது. ஆகவே ஒவ்வொரு வீட்டிலும் ஒரு விதி வேண்டும் என்பது நம் உறுதியான கருத்து. அவ்விதி யாதெனில், கணினியிலோ கைப்பேசியிலோ அச்சமூட்டும் செய்தி எது வந்தாலும் பிள்ளை உடனே சொல்ல வேண்டும். சொன்ன பிள்ளையை எவரும் ஏசலாகாது. எந்தக் கடையிலும் விலைக்குக் கிடைக்காத பாதுகாப்பு அது.

செய்ய வேண்டுவன

மாணவர்களே, இப்பகுதியைப் பெற்றோர்க்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள்.

திரை சிவந்து அலறினால், முதலில் கையை எடுத்துவிடுங்கள். பொத்தான் எதனையும் அழுத்தாதீர்கள். அதிலுள்ள எண்ணை அழைக்காதீர்கள். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தன் எச்சரிக்கைச் செய்திகளில் தொலைபேசி எண் ஒருபோதும் தருவதில்லை. எண் இருக்குமாயின் அது போலி என்று அப்பொழுதே துணியலாம்.

அடுத்து, எஸ்கேப் விசையைச் சில நொடிகள் அழுத்திப் பிடியுங்கள், முழுத்திரை சுருங்கும். பின்னர் உலாவியை மூடுங்கள். மூட மறுத்தால் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்தி, வரும் பட்டியலில் உலாவியைத் தேர்ந்து, அதன் பணியை முடித்துவிடுங்கள். அதுவும் இயலாவிடில் மின் பொத்தானைச் சிறிது நேரம் அழுத்திப் பிடித்துக் கணினியையே அணைத்துவிடலாம். மீண்டும் திறக்கையில், பழைய பக்கங்களைத் திறக்கவா என்று உலாவி கேட்டால் வேண்டா என்று சொல்லுங்கள். பெரும்பாலான வேளைகளில் தொல்லை இத்துடன் தீர்ந்துவிடும்.

எச்சரிக்கைகள் திரையின் ஓரத்தில் தொடர்ந்து வருமாயின், ஏதோ ஒரு பக்கத்திற்கு அறிவிப்பு அனுப்ப நாம் இசைவு கொடுத்திருக்கின்றோம் என்பது பொருள். உலாவியின் அமைப்புகளில் அறிவிப்புப் பட்டியலைத் திறந்து, அறியாத பக்கங்களை நீக்குங்கள்.

ஏதேனும் மென்பொருளை ஏற்றிவிட்டீர்களாயின், இணையத் தொடர்பைத் துண்டித்து, ஏற்றப்பட்ட மென்பொருள்களின் பட்டியலில் அதனைக் கண்டு நீக்குங்கள். பிறகு கணினியில் உள்ள உண்மையான காவலனைக் கொண்டு முழுச் சோதனை செய்யுங்கள். 2012இல் வெளிவந்த விண்டோஸ் 8 முதற்கொண்டு, நச்சுநிரல் தடுப்பு மென்பொருள் விண்டோஸுடனேயே வருகின்றது. 'விண்டோஸ் செக்யூரிட்டி' என்னும் பகுதியில் அதனைக் காணலாம். அதற்குத் தனி விலை இல்லை. சாதாரணக் குடும்பத்திற்கு அதுவே பெரும்பாலும் போதுமானது. நீங்காத தீய நிரலாயின், கணினியை மறுதொடக்கம் செய்து, விண்டோஸ் எழுமுன் சோதிக்கும் 'ஆஃப்லைன்' சோதனையும் அங்கேயே உண்டு.

வங்கி விவரங்களைக் கொடுத்துவிட்டீர்களாயின், நொடியும் தாழ்த்தாதீர்கள். உங்கள் வங்கியின் அவசர எண்ணையோ, 2022 அக்டோபரில் அமைக்கப்பட்ட தேசிய மோசடிப் பதில் நடவடிக்கை மையத்தின் 997 என்னும் எண்ணையோ அழையுங்கள். காவல் நிலையத்தில் புகாரும் செய்யுங்கள். பணம் கைமாறிக்கொண்டே செல்லுமாதலால், முந்தியவர்க்கே அதனைத் தடுக்கும் வாய்ப்பு மிகுதி. கடவுச்சொற்களை வேறொரு கணினியிலிருந்தோ கைப்பேசியிலிருந்தோ மாற்றிவிடுங்கள். கணினி தொடர்பான தொல்லைகளை சைபர்செக்யூரிட்டி மலேசியாவின் 'சைபர்999' பிரிவுக்கும் தெரிவிக்கலாம்.

இறுதியாக ஒன்று. விலை கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருளையும் விளையாட்டையும் இலவசமாகத் திறந்து தருவதாகச் சொல்லும் கள்ளப் படிகளை நாடாதீர்கள். பின்வாசலைத் திறந்து வைத்துவிட்டு முன்வாசலுக்குப் பூட்டு வாங்குவதால் பயனில்லை. 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் அளித்துவந்த வழக்கமான ஆதரவு முடிவுற்றது. ஆதலின், பழைய கணினி வைத்திருப்போர் அது அடுத்த பதிப்பை ஏற்குமா என்று விவரம் அறிந்தவரிடம் கேட்டறிதல் நன்று.

கணினியை மூடி வைப்பதா?

மேற்கூறிய நிகழ்ச்சிக்குப் பின், "இந்தச் சனியனே வேண்டாம், ஐயா, விற்றுவிடுகிறோம்" என்று அப்பெற்றோர் கூறினர். இக்கருத்துடைய பெற்றோர் இன்னும் பலர் உளர் என்பதை அறிவோம். அவர்தம் துயரம் நமக்கு விளங்குகின்றது. அவர்தம் முடிவுக்கு நாம் உடன்படோம்.

ஆற்றில் ஒரு பிள்ளை மூழ்கியது என்று ஆற்றையே தூர்த்துவிட முடியாது. பிள்ளைக்கு நீச்சல் கற்பிக்கின்றோம். இன்று கணினியை மூடி வைத்தால், நாளை இடைநிலைப்பள்ளியிலும் தொழிலிடத்திலும் நம் பிள்ளை அதன்முன் அன்னியனாய் நிற்பான். அன்று சிவப்புத் திரை தோன்றுமாயின் அருகிருந்து சொல்லித் தர எவரும் இரார். பால்மரக் காட்டிலிருந்து நம் பிள்ளைகளை மேலேற்றிய ஏணி கல்வியே. அவ்வேணியின் ஒரு படி ஆடுகின்றது என்பதற்காக ஏணியையே வெட்டி விறகாக்குதல் தகாது.

மற்றொரு சாரார், "இதெல்லாம் ஆங்கிலத்தில் வருகின்றது, எங்களுக்கு என்ன தெரியும்?" என்கின்றனர். தாய்மார்களே, அத்திரையில் எழுதியிருப்பதைப் படித்தறிய வேண்டிய தேவையே இல்லை. அது விரட்டுகின்றதா? பணம் கேட்கின்றதா? இப்பொழுதே என்கின்றதா? இம்மூன்றும் சேர்ந்திருந்தால், எம்மொழியில் இருப்பினும் அது பொய் என்று ஐயுறுங்கள். இதனை உணர்தற்குப் பட்டம் வேண்டியதில்லை. சந்தையில் மீன் வாங்கும் போது நீங்கள் காட்டும் விழிப்பே போதும்.

நம் கடமை

இவ்வகையில் பள்ளிக்கும் பொறுப்புண்டு. கணினியை இயக்கக் கற்பிக்கும் நாம், அதில் வரும் வஞ்சகத்தை அறியவும் கற்பித்தல் வேண்டும். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களில் தேநீருக்கு முன் கால் மணி நேரத்தை இதற்கென ஒதுக்கினால் பெரும்பயன் விளையும். மூத்த மாணவர் இளையோர்க்கும், பிள்ளைகள் பாட்டன் பாட்டியர்க்கும் சொல்லித் தரலாம். தாத்தாவின் கைப்பேசியிலும் இதே கள்வன் வேறு வேடத்தில் வருகின்றான் என்பதை மறவாதீர்கள்.

அன்புக்குரிய மாணவச் செல்வங்களே! திரை உங்களை அச்சுறுத்தும் வேளையில் பெற்றோரை அழையுங்கள். அவர்கள் இல்லையெனில் ஆசிரியரிடம் வாருங்கள். பெற்றோர்களே! பிள்ளை ஓடிவந்து, "அப்பா, கணினி ஏதோ சொல்கிறது" என்றால், ஏச வாய் திறக்குமுன் அதன் தோளைத் தட்டிக் கொடுங்கள். சொல்ல வந்த பிள்ளை உங்கள் பொருளைக் காத்த பிள்ளை. அச்சம் விற்பவனிடம் ஒரு காசுக்கும் வாங்கோம் என்று உறுதி பூணுவோம்.

விழித்திருப்போம்; நம்மவரையும் விழிக்கச் செய்வோம்!

வாழ்க நம் மாணவர்! வளர்க நம் பள்ளி!

- தலைமையாசிரியர்